பத்து மாதத் தடுப்பூசியும் முந்தின நாள் ஊறப்போட்ட அரிசியும்

என் பெரியம்மா 2021-ல் கொரோனாவுக்கு முதல் ஊசி போட்டுக்கொண்டார், இரண்டாவதுக்கு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "பத்து வருஷம் பிடிக்கிற வேலைன்னு டிவிலயே சொன்னாங்க. அதைப் பத்து மாசத்துல முடிச்சிருக்காங்கன்னா நடுவுல எதையோ விட்டுட்டுத்தானே முடிச்சிருப்பாங்க?" என்றார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல பெரியம்மா" என்று மழுப்பினேன். அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உண்மையில் அது நல்ல கேள்வி. ஒரு மேஸ்திரி எட்டு மாத வேலையை ஒரு மாதத்தில் முடித்துச் சாவியைக் கையில் கொடுத்தால், சிமென்டில் கை வைத்திருப்பாரோ என்றுதான் நாமும் யோசிப்போம். ஆனால் தடுப்பூசி விஷயத்தில் நேரம் மிச்சமானது வேறு இடங்களில். எங்கே என்று தெரிந்துகொண்டால், அடுத்து வரப்போகும் தொற்றுக்கு எப்படித் தயாராவது என்கிற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பத்து வருடம் எங்கே போகிறது?

பட்டா மாற்ற மனு கொடுத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கோப்பில் உண்மையான வேலை நடக்கும் நேரம் கொஞ்சம், அது மேஜையில் கிடக்கும் நேரம் அதிகம். தடுப்பூசியும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதலில் ஆய்வகம், பிறகு விலங்குகள், பிறகு மனிதர்கள். மனிதர்களில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் சில பத்துப் பேருக்குப் போட்டு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் சில நூறு பேர், எவ்வளவு அளவு போடுவது, எதிர்ப்பாற்றல் வருகிறதா என்று பார்க்க. மூன்றாவதில் ஆயிரக்கணக்கானவர்கள், நோயை உண்மையிலேயே தடுக்கிறதா என்று பார்க்க. வழக்கமாக ஒரு கட்டம் முடிந்து, முடிவு நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அடுத்ததற்குப் பணம் தேடுவார்கள். பணம் கிடைக்க ஒரு வருடம், ஆள் சேர்க்க ஒரு வருடம், அனுமதிக்கு வரிசையில் நிற்பது தனி. எல்லாம் முடிந்து தேறிய பிறகுதான் பெரிய தொழிற்சாலையில் உற்பத்தியைப் பற்றியே பேசுவார்கள். தோற்றுப்போகிற மருந்துக்கு யார் தொழிற்சாலை கட்டுவார்கள்?

2020-ல் இந்த வரிசையைக் குலைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் பாதுகாப்பு பற்றிய முதல் முடிவுகள் வந்ததுமே அடுத்ததைத் தொடங்கினார்கள், அதே சமயம் உற்பத்தியும் நடந்தது. ஜாதகம் பொருந்துமா என்று தெரிவதற்கு முன்பே மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் அட்வான்ஸ் கொடுப்பது போல. பொருந்தவில்லை என்றால் அட்வான்ஸ் போச்சு, அவ்வளவுதான். கல்யாணம் அவசரத்தில் தவறாக நடந்துவிடாது. புனேயில் சீரம் நிறுவனம் அப்படித்தான் அனுமதிக்கு முன்பே கோவிஷீல்டின் கோடிக்கணக்கான டோஸ்களைத் தயாரித்து அடுக்கி வைத்தது. 2021 ஜனவரி 3 அன்று அனுமதி வந்தது, ஜனவரி 16-லேயே நாடு முழுக்க ஊசி போடத் தொடங்க முடிந்தது.

அட்வான்ஸ் போன கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசி செய்தது, அந்த நாட்டு அரசு 5 கோடிக்கும் மேல் டோஸ் சொல்லிவைத்திருந்தது. முதல் கட்டச் சோதனையில் ஊசி போட்டவர்களுக்கு எச்ஐவி இருப்பதாகச் சில பரிசோதனைகள் தவறாகக் காட்டின. யாருக்கும் எச்ஐவி வரவில்லை, வர வழியும் இல்லை. ஆனால் அந்தக் குழப்பம் போதும் என்று 2020 டிசம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள். அவசர அவசரமாக எதையும் தள்ளிவிடுவார்கள் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான்.

இதுவரை பார்த்தது: மிச்சமான நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்பு நேரம். ஆபத்தைச் சுமந்தது பணம், ஊசி போட்டுக்கொண்டவரின் உடம்பு இல்லை.

மாவு முன்பே அரைத்திருந்தது

ராத்திரி ஒன்பது மணிக்கு விருந்தாளி வருகிறார். கால் மணி நேரத்தில் சுடச்சுட இட்லி. அரிசி உளுந்தை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்து எடுக்க ஒரு நாள் ஆகுமே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை, மாவு முன்பே தயாராக இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கொரோனா தடுப்பூசியில் அந்த மாவைத்தான் யாரும் நமக்குக் காட்டவில்லை. வேக வைத்த கால் மணி நேரத்தை மட்டும் டிவியில் காட்டினார்கள்.

மாவில் இரண்டு பங்கு. முதலாவது, ஊசியைச் செய்யும் முறை. இதைத் துறைக்காரர்கள் பிளாட்ஃபார்ம் என்பார்கள்: எந்தக் கிருமியாக இருந்தாலும் மாறாத அடிப்படை, அதில் கிருமிக்கு ஏற்ற ஒரு பகுதியை மட்டும் மாற்றினால் போதும். இட்லிப் பானையும் தட்டும் அதேதான், ஊற்றுகிற மாவு மட்டும் வேறு என்பது போல.

எம்ஆர்என்ஏ என்பது அப்படி ஒரு பிளாட்ஃபார்ம். நம் உடம்பின் செல்லுக்குள் போய், "இந்தப் புரதத்தைச் செய்" என்று சொல்லும் ஒரு குறிப்புச் சீட்டு அது. செய்து முடித்ததும் சீட்டு சிதைந்துவிடும், மரபணுவைத் தொடாது. ஆனால் வெளியிலிருந்து வரும் இந்தச் சீட்டைக் கண்டால் உடம்பு எதிரி என்று நினைத்து எரிச்சலடையும். அதில் ஓர் எழுத்தை லேசாக மாற்றினால் அந்த எரிச்சல் அடங்குகிறது என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் கண்டுபிடித்தது 2005-ல். அப்போது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நோபல் பரிசு வந்தது 2023-ல்.

இரண்டாவது, கிருமியைப் பற்றிய அறிவு. கொரோனா வைரஸின் மேல் முள் முள்ளாக இருப்பதை முள்புரதம் என்று வைத்துக்கொள்வோம். வைரஸ் நம் செல்லைத் தொற்றும்போது இது எலிப்பொறி மாதிரி பட்டென்று வேறு வடிவத்துக்கு மாறிவிடும். பொறி விழுந்த பிறகு இருக்கும் வடிவத்தை உடம்புக்குக் காட்டிப் பயனில்லை, விழுவதற்கு முன் இருக்கும் வடிவத்தைக் காட்டிப் பழக்க வேண்டும். அதற்குப் புரதத்தில் இரண்டே இரண்டு இடங்களை மாற்றி, பொறியில் ஊக்கு குத்தினாற்போல அசையாமல் நிறுத்தும் வழியை ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம், கிஸ்மீகியா கார்பெட் அடங்கிய குழு மெர்ஸ் என்ற வேறொரு கொரோனா வைரஸில் கண்டுபிடித்து 2017-ல் வெளியிட்டது. கோவிட் என்ற பெயரே பிறக்காத காலம் அது. கோவிஷீல்டின் அடிப்படை வேறு முறை, ஆனால் அதுவும் முன்பே தயாராக இருந்தது, ஆக்ஸ்ஃபோர்டில் அந்த முறையில் மெர்ஸுக்குச் செய்த ஊசியை மனிதர்களுக்குப் போட்டுப் பார்ப்பதை 2018-லேயே தொடங்கிவிட்டார்கள்.

அதனால்தான் 2020 ஜனவரியில் புதிய வைரஸின் மரபணு வரிசை, அதாவது சுமார் 30,000 எழுத்து நீளமுள்ள அதன் முழுச் செய்முறைக் குறிப்பு, இணையத்தில் வெளியானதும் எம்ஆர்என்ஏ ஊசி செய்யும் மாடர்னா கம்பெனியும் அமெரிக்க அரசு விஞ்ஞானிகளும் இரண்டு மூன்று நாளில் ஊசியின் வடிவத்தை முடிவு செய்ய முடிந்தது. மார்ச் 16 அன்று சியாட்டிலில் முதல் ஆளுக்கு ஊசி போட்டார்கள். இடையில் இரண்டு மாதம்தான்.

கூரை ஒழுகுமா என்பது மழையில்தான் தெரியும்

சரி, வடிவமைப்பு வேகமாக முடிந்தது, சோதனை? மூன்றாம் கட்டத்தை எப்படி அத்தனை சீக்கிரம் முடித்தார்கள்?

கூரையில் ஓடு மாற்றுகிறீர்கள். ஒழுகுகிறதா என்று சித்திரையில் பார்க்க முடியுமா? மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐப்பசியில் மாற்றினால் அன்று இரவே தெரிந்துவிடும்.

மூன்றாம் கட்டச் சோதனையில் பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மீதிப் பேருக்கு மருந்துப்போலி, அதாவது மருந்தே இல்லாத வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, நோய் வந்ததா என்று பார்ப்பவருக்கும் தெரியாது. பிறகு அவரவர் வீட்டுக்குப் போய் வழக்கம்போல வாழ்வார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து இத்தனை பேருக்கு நோய் வந்ததும் உறையைப் பிரித்து எண்ணுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்கள். நோய் அரிதாக இருந்தால் அந்த எண்ணிக்கை சேர வருடங்கள் ஆகும். 2020-ன் இறுதியில் கொட்டும் மழை, தொற்று எங்கும் பரவிக்கொண்டிருந்தது. ஃபைசர் சோதனையில் 43,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். 170 பேருக்கு நோய் வந்ததும் பிரித்துப் பார்த்தால், மருந்துப்போலி போட்டவர்களில் 162, தடுப்பூசி போட்டவர்களில் 8. பல தடுப்பூசிகளுக்கு வழக்கமாக நடக்கும் சோதனையைவிட இது சிறியதும் இல்லை.

ஆக, சோதனையைச் சுருக்கவில்லை. நோய் வேகமாகப் பரவியதால் பதில் வேகமாகக் கிடைத்தது. கொடுமையான காரணம்தான், ஆனால் உண்மையான காரணம்.

வேகத்தில் தெரியாமல் போவதும் உண்டு

இதைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் பெரியம்மாவிடம் மழுப்பியது போலாகிவிடும்.

லட்சத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவு 40,000 பேர் சோதனையில் தெரியவே தெரியாது. பத்து வருடம் நடத்தினாலும் தெரியாது, ஏனென்றால் இது கால அளவுப் பிரச்சினை இல்லை, ஆள் எண்ணிக்கைப் பிரச்சினை. கோடிக்கணக்கில் போட்ட பிறகுதான் ஆஸ்ட்ராஜெனெகா ஊசியால் (நம் ஊரில் கோவிஷீல்ட்) மிக அரிதாக ரத்தம் உறையும் சிக்கல் வருவதும், எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு அரிதாக இதயத் தசை அழற்சி வருவதும் தெரிந்தன. 2021 ஏப்ரலில் டென்மார்க் ஆஸ்ட்ராஜெனெகாவை முழுவதுமாக நிறுத்தியது, வேறு பல நாடுகள் வயது வரம்பு வைத்தன. ஊசி வந்த பிறகும் கண்காணிப்பு ஓயாமல் நடப்பது இதற்காகத்தான். பாதிக்கப்பட்டவர்களின் வேதனை கணக்கில் சிறிய எண் என்பதற்காகச் சிறியதாகிவிடாது. அவர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, சிகிச்சையும் இழப்பீடும் கொடுக்கிற அரசை மக்கள் நம்புவார்கள். மூடி மறைத்தால் அடுத்த தடவை நல்ல ஊசியைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னவருக்கு என்ன கிடைத்தது?

இத்தனைக்கும் தொடக்கம் அந்த 30,000 எழுத்துதான். அதை வெளியே கொண்டுவந்தவர் ஷாங்காயைச் சேர்ந்த ஜாங் யோங்ஜென். 2020 ஜனவரி 11 காலை அவர் விமானத்தில் ஏறி உட்காரும் நேரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து அவரோடு வேலை செய்யும் எட்வர்ட் ஹோம்ஸ் தொலைபேசியில் அனுமதி கேட்டார். ஜாங் ஒரு நிமிடம் யோசித்துச் சரி என்றார். உலகத்தின் ஆய்வகங்கள் எல்லாம் அந்த நிமிடத்திலிருந்து வேலை தொடங்கின. மறுநாள் அவருடைய ஆய்வகத்தை அதிகாரிகள் "சீர்திருத்தம்" என்று காரணம் சொல்லி மூடினார்கள்.

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமைக்ரானைக் கண்டுபிடித்து உடனே உலகத்துக்குச் சொன்னார்கள். கையோடு கிடைத்த பரிசு, அந்நாட்டு விமானங்களுக்குத் தடை. அந்த நேரத்தில் ஒமைக்ரான் வேறு நாடுகளிலும் ஏற்கெனவே பரவியிருந்தது. இப்படி நடத்தினால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்?

அப்புறம் பங்கு. இந்தோனேசியா 2007 வாக்கில் பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தருவதை நிறுத்தியது. நாங்கள் இலவசமாகத் தரும் கிருமியை வைத்துப் பணக்கார நாட்டுக் கம்பெனி ஊசி செய்யும், அதை நாங்களே விலை கொடுத்து வாங்க முடியாது, இது என்ன நியாயம் என்றார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் தவறு தெரியவில்லை. அதன் விளைவாக 2011-ல் ஃப்ளூ வைரஸ்களுக்கு மட்டும் ஒரு பகிர்வு உடன்பாடு வந்தது. கோவிடுக்கு அப்படி எதுவும் இல்லை, அதன் பலனை 2021-ல் பார்த்தோம்: சில நாடுகள் மூன்றாவது ஊசிக்குப் போனபோது ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் மருத்துவப் பணியாளர்களுக்கே முதல் ஊசி இல்லை. இரண்டாம் அலையில் இந்தியாவும் ஏற்றுமதியை நிறுத்தியது, சீரம் நிறுவனத்தை நம்பியிருந்த ஏழை நாடுகள் மாதக்கணக்கில் காத்திருந்தன. நம் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது அரசு வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். ஒரே அடுப்பை நம்பி ஊரே இருந்தது என்பதுதான் உண்மையான பிரச்சினை. கேப் டவுனில் எம்ஆர்என்ஏ தொழில்நுட்பத்தைப் பல நாடுகளுக்குக் கற்றுக்கொடுக்கும் மையத்தை உலக சுகாதார நிறுவனம் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

2025 மே 20 அன்று உலக நாடுகள் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றன. அதன்படி, பெருந்தொற்றுக் காலத்தில் இதில் சேரும் கம்பெனிகள் தங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும், அதில் பாதியாவது இலவசம். கிருமியைத் தருவதற்கும் ஊசியைப் பெறுவதற்கும் முடிச்சுப் போடும் விவரமான இணைப்பை மட்டும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். சண்டையே அதில்தான்.

சுருக்கமாக: கிருமியைப் பற்றிய தகவலும் ஊசியும் இரண்டு திசையிலும் நகர வேண்டும். ஒன்று ஒருபக்கம் நின்றால் இன்னொன்றும் நின்றுவிடும்.

நூறு நாள்

2017-ல் நார்வே, இந்தியா, இன்னும் சில அறக்கட்டளைகள் சேர்ந்து செபி என்ற கூட்டமைப்பைத் தொடங்கின (பங்குச்சந்தை செபி வேறு, இது தடுப்பூசிக்கானது). அதற்குக் காரணம் ஒரு வெட்கக்கேடு. எபோலாவுக்கு ஒரு தடுப்பூசி குரங்குகளைக் காப்பாற்றியது என்று கனடா விஞ்ஞானிகள் 2005-லேயே காட்டிவிட்டார்கள். சந்தை இல்லை என்பதால் அது பல வருடம் அலமாரியில் கிடந்தது. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வெடித்து 11,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2015-ல் கினியாவில் போட்டுப் பார்த்தபோது அந்த ஊசி நன்றாகவே வேலை செய்தது. மாவு அரைத்து வைத்திருந்தும் அடுப்பு பற்றவைக்க ஆள் இல்லாமல் போனது.

இந்தச் செபியின் இலக்குதான் நூறு நாள்: புதுக் கிருமி அடையாளம் தெரிந்த நூறு நாளுக்குள் தடுப்பூசி தயார். அடுத்து வரப்போவது எந்தக் கிருமி என்று தெரியாது, அதற்கு உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வைத்த பெயர் நோய் எக்ஸ். தெரியாததற்கு எப்படித் தயாராவது? மனிதரைத் தொற்றும் வைரஸ்கள் ஏறக்குறைய 25 குடும்பங்களில் அடங்கிவிடும். குடும்பத்துக்கு ஓர் ஆளை வைத்து முழுதாகப் பழகி வைத்தால், நாளைக்கு அதே குடும்பத்தில் ஒரு புது ஆள் வந்தாலும் ஜாடை தெரியும். மெர்ஸ் கோவிடுக்கு உதவியது அப்படித்தான். 2018-ல் கோழிக்கோட்டை உலுக்கிய நிபாவுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் 2024 ஜனவரியில் மனிதச் சோதனையைத் தொடங்கியது. நிபா நமக்கு அடுத்த வீட்டு நோய், பாலக்காடு தாண்டினால் கோயம்புத்தூர்.

நூறு நாளில் ஊசி வந்திருந்தால் கோவிடில் 80 லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணிப்பு ஒன்று சொல்கிறது. அப்படியிருந்தும் 2025 ஆகஸ்டில் அமெரிக்க சுகாதாரத் துறை 22 எம்ஆர்என்ஏ திட்டங்களுக்கான சுமார் 50 கோடி டாலரை நிறுத்தியது. அரைத்த மாவைச் சாக்கடையில் கொட்டியதாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

79 நாளும் 4 நாளும்

2022 செப்டம்பர் 20 அன்று உகாண்டா, சூடான் வைரஸ் பரவுவதாக அறிவித்தது. எபோலாவின் நெருங்கிய உறவு, ஆனால் இருந்த எபோலா ஊசி இதற்குப் பலிக்காது. சோதனை நிலையில் சில ஊசிகள் இருந்தன, அவற்றில் முதலாவதின் டோஸ்கள் டிசம்பர் 8 அன்று வந்து சேர்ந்தன, 79-வது நாள், மற்றவை அதற்கும் பிறகு. அதற்குள் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்து, கடைசி நோயாளியும் நவம்பர் இறுதியிலேயே வீட்டுக்குப் போயிருந்தார். ஊசி போட்டுச் சோதிக்க நோயாளியோடு பழகியவர்கள் யாரும் மிச்சமில்லை.

அப்படி வந்த ஊசிகளில் ஒன்றின் டோஸ்களைத் திருப்பி அனுப்பவில்லை. உகாண்டாவிலேயே குளிர்பதனத்தில் வைத்தார்கள். அடுத்து வந்தால் யார் யாருக்கு எப்படிப் போடுவது, படிவத்தில் என்ன எழுதுவது, எந்தக் குழு அனுமதி தர வேண்டும் என்பதையெல்லாம் நோய் இல்லாத நாட்களில் உட்கார்ந்து எழுதி முடித்தார்கள்.

2025 ஜனவரி 30 அன்று கம்பாலாவில் ஒரு செவிலியர் அதே வைரஸால் இறந்துவிட்டார் என்று அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 3 அன்று அவரோடு பழகியவர்களுக்கு ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு நாள். அந்த முறை 14 பேருக்குத் தொற்று, 4 பேர் இறப்பு, ஏப்ரல் 26 அன்று முடிந்தது என்று அறிவித்தார்கள். இத்தனை சிறிய எண்ணிக்கையில் ஊசி எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, நோயாளிகளைத் தேடித் தேடித் தனிமைப்படுத்திய சுகாதாரப் பணியாளர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. அவர்கள் போட்டது 2022-ல் தாமதமாக வந்த ஊசிகளில் ஒன்றைத்தான்.